முகம் தெரியாத உருவப்படம்: அடையாளக் கலையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், எங்கள் ரந்தாவ் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஓவியப் போட்டி என்றால் ‘நமது அடையாளம்’ என்ற தலைப்பு அடிக்கடி வரும். பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பால்மரம் என்கிற ரப்பர் மரம், பால் வடிய அதில் கட்டிய மங்கு, நெற்றியில் விளக்கு மாட்டிய பாட்டி, கோலம், மயில், காவடி. நன்றாகத்தான் வரைகிறார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. சிக்கல் பெரியவர்களிடம்தான். ‘அடையாளத்தையும் சுதந்திரத்தையும் ஆராயும் சமகாலக் கலைஞர்’ என்று எங்கேயாவது ஒரு செய்தியைப் படித்ததும் நாமும் அதே பால்மரத்தையும் கோலத்தையும் எதிர்பார்த்துக்கொண்டு போகிறோம், அங்கே ஒரு காலிப் பறவைக்கூண்டு தொங்குகிறது, அல்லது ஆளே இல்லாத வரவேற்பறைப் படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. “இதில் அடையாளம் எங்கே இருக்கிறது, சும்மா பெரிய வார்த்தை போட்டு ஏமாற்றுகிறார்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

யாரும் ஏமாற்றவில்லை. அடையாளத்தைக் காட்டுவது ஒரு வேலை, அடையாளத்தை ஆராய்வது இன்னொரு வேலை. நாம் முதலாவதைத் தேடிக்கொண்டு போய் இரண்டாவதன் முன்னால் நிற்கிறோம், அவ்வளவுதான். அந்த இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒன்றுமே தெரியாத ஒருவருக்கும் புரியும்படி சொல்ல முடியும் என்று நம்புகிறேன். நமக்குப் பக்கத்திலேயே, போர்ட்டிக்சனிலேயே, அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

## முதலில் ஒரு பாரம்

பள்ளியில் சேர்க்க, வங்கியில் கணக்குத் திறக்க, உதவித்தொகை கேட்க என்று நாம் பூர்த்தி செய்யாத பாரமே கிடையாது. அதில் ‘இனம்’ என்று ஓர் இடம் இருக்கும்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்). நாம் ‘இந்தியர்’ என்பதில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம், யோசிக்கவே மாட்டோம். அப்பா தமிழர், அம்மா சீனர் என்று இருக்கிற பிள்ளை அந்த இடத்தில் பேனாவை ஒரு நொடி நிறுத்தும். மலாக்கா செட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்திலிருந்து இங்கே இருக்கிறவர்கள், இந்து சமயம், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்குமா?

போட்டியில் பிள்ளைகள் வரையும் பால்மரமும் கோலமும் அந்தக் கட்டத்தை அழகாகப் பூர்த்தி செய்த மாதிரி. அடையாளத்தை ஆராயும் கலைஞர் கட்டத்தைப் பூர்த்தி செய்வதில்லை, பாரத்தையே கையில் எடுத்துத் தூக்கிப் பிடிக்கிறார். இதை அச்சடித்தது யார், இத்தனை கட்டம்தான் என்று முடிவு செய்தது யார், எந்தக் கட்டத்திலும் சேராதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கிறார். தோட்டப்புறத்தில் இந்தக் கேள்வி புத்தகக் கேள்வி இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்வெட்டி, பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாத ஒரே காரணத்தால் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு காலம் தள்ளிய பாட்டிகள் நம் குடும்பங்களில் உண்டு. அட்டையின் நிறத்துக்கும் அந்தப் பாட்டி யார் என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு சொல்லை மட்டும் இங்கேயே விளக்கிவிடுகிறேன். சமகாலக் கலை என்றால் ஏறக்குறைய 1960, 70களிலிருந்து இன்றுவரை செய்யப்படும் கலை. அது ஒரு பாணி இல்லை. ஓவியமாக இருக்கலாம், புகைப்படமாக இருக்கலாம், பாயாக இருக்கலாம், ஒரு செயலாகக்கூட இருக்கலாம். கலைஞர் எழுப்பும் கேள்விக்கு எது பொருத்தமோ அதுவே அவருடைய கருவி.

## போர்ட்டிக்சன்காரர்களும் பழத் தலைகளும்

சிம்ரின் கில் என்ற கலைஞர் 1959இல் சிங்கப்பூரில் பிறந்தவர், போர்ட்டிக்சனில் வளர்ந்தவர், இப்போது சிட்னியிலும் போர்ட்டிக்சனிலும் மாறி மாறி இருந்து வேலை செய்கிறார். இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியனாலே என்பது நாட்டுக்கு நாடு தனி அரங்கு வைத்து நடத்தும் பெரிய கலைக் கண்காட்சி. 2013இல் அதில் ஆஸ்திரேலியாவின் அரங்கு அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அரங்கின் கூரையில் ஒரு பகுதியை அவர் திறந்துவிட்டார், மழையும் வெயிலும் இலையும் உள்ளே வரட்டும் என்று. ஒரு நாட்டின் பெயர் போட்ட கட்டடத்துக்குள் நின்றுகொண்டு அதன் கூரையைத் திறப்பது எவ்வளவு பெரிய பேச்சு என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் அவர் செய்த ஒரு புகைப்படத் தொடர் பற்றி. ஒரே எண்ணத்தை வைத்து வரிசையாகச் செய்து, ஒன்றாகப் பார்க்கும்படி வைக்கும் படைப்புகளைத்தான் தொடர் என்கிறோம். 1999, 2000 ஆண்டுகளில் செய்த அந்தத் தொடரின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நூற்றாண்டின் திருப்பத்தில் ஒரு சிறு நகரம்’. போர்ட்டிக்சன் ஊர்க்காரர்களை அவரவர் அன்றாடம் இருக்கிற இடத்திலேயே வைத்துப் படம் எடுத்தார். எல்லாம் சாதாரணம்தான், ஒன்றைத் தவிர: ஒருவர் முகமும் தெரியாது. தலையை மூடிக்கொண்டு நம் சந்தையில் கிடைக்கிற பழங்கள் இருக்கும்.

முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம் கண் தானாக ஒரு வேலையைத் தொடங்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். முகம் இல்லாததால் கண் கைக்குப் போகும், தோலின் நிறத்துக்குப் போகும், சட்டைக்கு, செருப்புக்கு, உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு, பின்னால் இருக்கும் சுவருக்குப் போகும். இவர் நம்மாளா, மலாய்க்காரரா, சீனரா, வசதியானவரா, வேலைக்காரரா? எதற்காக இதையெல்லாம் தேடுகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், ஒரு மனிதரைப் பார்த்த உடனே அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் நம் மூளை முதலில் வேலை செய்கிறது என்பது பிடிபடும். தினமும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற வேலை இது, அதனால் நமக்குத் தெரிவதே இல்லை. பழம் அந்த வேலையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது, தடைபட்டதால் தெரிகிறது. படைப்பு நடக்கும் இடம் அதுதான். காகிதத்தில் பாதி, பார்க்கிறவருடைய மண்டைக்குள் பாதி.

பழைய காலனியக் கால அஞ்சலட்டைகளை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பால்மரத்தடியில் ஓர் ஆணோ பெண்ணோ கத்தியும் வாளியுமாக நிற்பார், கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்க் கூலி’ என்கிற மாதிரி ஒரு வரி. முகம் பளிச்சென்று தெரியும், பெயர் இருக்காது. வாங்கி ஊருக்கு அனுப்பின துரைக்கு அந்த ஆள் யார் என்பது தேவைப்படவில்லை, எந்த வகை என்பது போதுமாக இருந்தது. அதன் பக்கத்தில் சிம்ரின் கில்லின் படத்தை வையுங்கள். அங்கே முகம் தெரிந்தும் ஆள் தொலைந்து போனார். இங்கே முகம் மறைந்திருக்கிறது, ஆனால் ‘இந்த வகை’ என்று நம்மால் ஒட்ட முடியாததால் அவர் வெறும் வகையாக ஆவதில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தலைகீழ் மாற்றம் தோட்டத்து ஆட்களாகிய நமக்குச் சிட்னிக்காரர்களைவிட நன்றாகவே புரிய வேண்டும்.

பழத்துக்கும் ஒரு காரணம் உண்டு. சுற்றுலா விளம்பரங்களில் பழம்தான் வெப்பமண்டல நாட்டின் முகம், பார்த்தவுடன் ‘மலேசியா’ என்று தோன்றும். ஆனால் அன்னாசியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நம் பால்மரமே பிரேசிலைச் சேர்ந்தது. 1876இல் அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு விதை போய், அடுத்த ஆண்டு அங்கிருந்து கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, கோலகங்சாரில் நட்டார்கள். செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்த மண்ணின் சொந்தப் பயிர் எது, வந்தேறிப் பயிர் எது என்று கேட்க ஆரம்பித்தால் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியும்தானே.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். அடையாளத்தை ஆராயும் கலைஞர் பல சமயம் அடையாளத்தைச் சேர்ப்பதில்லை, நீக்குகிறார். ஆளை வகைப்படுத்த நாம் நம்பியிருக்கிற ஒரு குறியை எடுத்துவிட்டால், வகைப்படுத்தும் நம் பழக்கம் வெளியே தெரிந்துவிடுகிறது.

## ஆள் இல்லாத 260 அறைகள்

அதே கலைஞர் 2001இல் ‘டாலாம்’ (மலாயில் ‘உள்ளே’) என்ற தொடரைச் செய்தார். தீபகற்ப மலேசியா முழுக்கச் சுற்றி, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் வரவேற்பறையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்த 260 புகைப்படங்கள். ஒன்றிலும் ஆள் கிடையாது.

பழத் தலைகளில் நீக்கப்பட்டது முகம், இங்கே ஆளே நீக்கப்பட்டிருக்கிறார். மிச்சம் இருப்பவை பொருள்கள் மட்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரவேற்பறையை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி அலமாரி, அதில் யாரும் குடிக்காத கோப்பைகள், பிள்ளையின் பட்டமளிப்புப் படம், மாலை போட்ட தாத்தா படம், மின்விளக்குச் சரம் சுற்றிய முருகன், சீனர் கடையில் கொடுத்த நாட்காட்டி, அலமாரி மேல் யார் கண்ணிலும் படாமல் துணி சுற்றி வைத்த பால்வெட்டுக் கத்தி. இதில் எது ‘இந்திய’ அடையாளம்? முருகன் என்று சட்டென்று சொல்வோம். ஆனால் அதே நாட்காட்டி பக்கத்து மலாய்க்காரர் வீட்டிலும் தொங்கும், அதே மாதிரி அலமாரி சீனர் வீட்டிலும் இருக்கும், பட்டமளிப்புப் படம் மூன்று வீட்டிலும் ஒரே இடத்தில்தான் மாட்டப்பட்டிருக்கும்.

260 என்ற எண்ணிக்கை ஏன் என்றால், பத்துப் படம் வைத்தால் நாம் இது அவங்க வீடு, இது நம்ம வீடு என்று பிரித்துவிடுவோம். 260 வைத்தால் பிரிக்கிற வேகம் எங்கேயோ ஓரிடத்தில் தளர்ந்துவிடும். ஒரு சோபா உறையிலிருந்து இன்னொரு சோபா உறைக்கு, ஒரு ஜன்னல் திரையிலிருந்து இன்னொன்றுக்கு என்று கண் போக ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வருவதுதான் இங்கே கருவி. தனிப்படத்தில் கிடைக்காத ஒன்று அடுக்கில் கிடைக்கிறது.

## சுதந்திரத்தை எப்படிக் காட்டுவது?

இதுதான் இன்னும் அதிகம் குழம்புகிற இடம். சுதந்திரம் என்றதும் கொடி, அறுந்த சங்கிலி, பறக்கும் புறா என்று மனசு போய்விடும்.

1974இல் ரெட்சா பியாடாசா, சுலைமான் எசா என்ற இரண்டு மலேசியக் கலைஞர்கள் கோலாலம்பூரில் மலாய் மொழி, இலக்கிய நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வரைந்த ஓவியம் எதுவும் முக்கியமில்லை, அன்றாடப் பொருள்களையே கொண்டுவந்து வைத்தார்கள். கிள்ளானில் குப்பைமேட்டில் கண்டெடுத்த ஒரு மழைக்கோட்டு, பாதி குடித்து வைத்த கொக்கோ கோலா போத்தல்கள், அப்புறம் ஒரு பறவைக்கூண்டு. கூண்டு காலி. அதன் தலைப்பின் பொருள் இதுதான்: ‘1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் மணி 2.46க்குப் பறவையை விடுவித்த பின் காலிக் கூண்டு.’

இந்த மாதிரிப் படைப்பைக் கருத்துக் கலை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளைவிட அதன் பின்னால் இருக்கும் எண்ணமே படைப்பு என்று கொள்ளும் கலை. இந்தக் கூண்டை மட்டும் தனியாக வைத்தால் அது கடைச் சாமான். தேதியும் மணியும் சேர்ந்தவுடன் அது நடந்து முடிந்த ஒரு செயலின் சாட்சியாகிவிடுகிறது. பறவையை நாம் பார்க்கவே இல்லை, அது எங்கே போனது என்று கலைஞருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அது விடுதலை. பறக்கும் பறவையை அவர்கள் வரைந்திருந்தால் அது எந்தத் திசையில் பறக்கிறது என்பதை அவர்களே தீர்மானித்திருப்பார்கள், பறவை மறுபடியும் படத்தின் சட்டத்துக்குள் அடைபட்டிருக்கும். அவர்கள் கூண்டையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பறவையை உண்மையிலேயே விட்டுவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால், இங்கே, நம் நாட்டில் செய்தது இது.

இருபது வருடம் கழித்து இன்னொரு மலேசியக் கலைஞர் வோங் ஹோய் சியோங் செய்த ‘லாலான்’ தோட்டத்து ஆட்களுக்கு இன்னும் நெருக்கமானது. லாலான் புல்லோடு நமக்கு இருக்கிற உறவைச் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை வெட்டினாலும் திரும்ப முளைக்கும். மருந்துத் தோம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அதற்கு மருந்தடித்தே வயசான பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 1987 அக்டோபரில் நடந்த கைது நடவடிக்கைக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஓப்ராசி லாலாங், அதே லாலான் புல்தான். விசாரணை இல்லாமலே காவலில் வைக்க இடம் கொடுத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள், மூன்று பத்திரிகைகளின் உரிமம் நிறுத்தப்பட்டது. களையைப் பிடுங்குகிறோம் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். 1994இல் தேசியக் கலைக்கூடத்தில் வோங் ஹோய் சியோங் லாலானை நட்டு, களைக்கொல்லி அடித்து, வெட்டி, எரிப்பது வரை தானே செய்து காட்டினார். இப்படி, கலைஞர் தன் உடலால் ஒரு செயலைச் செய்வதையே படைப்பாக வைப்பதற்கு நிகழ்த்துகலை என்று பெயர்.

அவர் மேடையேறி ‘கைது தவறு’ என்று பேசவில்லை. ஒரு புல்லை ‘களை’ என்று பெயர் வைத்த பிறகு அதற்கு என்னென்ன செய்ய அனுமதி கிடைத்துவிடுகிறது என்பதை ஒவ்வொரு படியாக நம் கண்முன் செய்தார். வாசனையோடு, புகையோடு. அடையாளமும் சுதந்திரமும் ஏன் எப்போதும் ஒன்றாகவே பேசப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை: முதலில் பெயர் வைக்கிறார்கள், அப்புறம் அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடத்துகிறார்கள்.

சுருக்கமாக: இந்த இரண்டிலும் சுதந்திரம் ஒரு படமாக வரையப்படவில்லை. ஒன்றில் அது நடந்து முடிந்த செயல், இன்னொன்றில் பறிக்கப்படும் முறை.

## பாயும் மேசையும்

எந்தப் பொருளில் செய்கிறார்கள் என்பதும் பேச்சின் ஒரு பகுதிதான். சபாவைச் சேர்ந்த யீ ஐ-லான், 1971இல் கோத்தா கினபாலுவில் பிறந்தவர், ‘திக்கார் மேஜா’ (மலாயில் திக்கார் பாய், மேஜா மேசை) என்ற படைப்பில் பாய்களில் மேசை உருவங்களை நெய்ய வைத்தார். நெய்தவர்கள் செம்பூர்ணாவுக்குப் பக்கத்தில் ஓமடால் தீவுப் பெண்கள். அந்தப் பக்கத்துக் கடலோடிச் சமூகத்தில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் நிறைய.

மேசை என்பது வெள்ளைக்காரர் ஆட்சியோடு வந்த அதிகாரம், பாய் என்பது எல்லாரும் சமமாக உட்காரும் இடம் என்பது அவருடைய எண்ணம். எனக்கு இதைப் படித்ததும் தோட்டத்து ஆபீஸ்தான் நினைவுக்கு வந்தது. சம்பள நாளில் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில், நம்மவர்கள் இந்தப் பக்கம் வரிசையில் நின்றுகொண்டு, சில தோட்டங்களில் படி ஏறாமல் ஜன்னலுக்கு வெளியிலேயே. வீட்டுக்கு வந்தால் பாய். அப்பாவும் வேலையை மேற்பார்க்கும் தண்டலும் கல்யாண வீட்டில் அதே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒருவர் நிற்பார், ஒருவர் பெயர் கூப்பிடுவார். மேசையைச் சாயத்தால் துணியில் வரைந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. பாயே மேசையைத் தனக்குள் நெய்து எடுத்துக்கொள்கிறது, சுருட்டி மூலையில் வைத்துவிடவும் முடியும்.

## “இதை நானும் செய்வேனே”

கூண்டு வாங்கி வைக்கவும் வரவேற்பறையைப் படம் எடுக்கவும் யாராலும் முடியும், உண்மைதான். கை வேலையின் கஷ்டத்தை வைத்து மட்டும் கலையை அளந்தால் இந்தப் படைப்புகள் தோற்றுவிடும், ஓமடால் பாய் மட்டும் ஜெயிக்கும். ஆனால் இங்கே கடினமான வேலை கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. எதை விடுவது, எதை மட்டும் மிச்சம் வைப்பது, எத்தனை முறை வைப்பது, என்ன தலைப்புக் கொடுப்பது. அந்தக் கூண்டின் தலைப்பிலிருந்து ‘மணி 2.46’ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள், படைப்பு பாதி செத்துவிடும்.

அதற்காக அடையாளம் என்று பெயர் போட்ட எல்லாமே நல்ல கலை என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவருக்குள் எதுவும் நடக்காமல், விளக்கக் குறிப்பில் மட்டும் பெரிய வார்த்தைகள் இருக்கிற படைப்புகளும் நிறைய வருகின்றன. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி, குறிப்பைப் படிக்காமல் கொஞ்ச நேரம் நின்று, உங்கள் கண் எதைத் தேடுகிறது, எங்கே தடுக்கிறது என்று கவனிப்பது. எங்கேயும் தடுக்கவே இல்லை என்றால் தயங்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

## பார்க்கப் போகிறவர்களுக்கு

சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர் தூரம் இல்லை. ஜாலான் துன் ரசாக்கில் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது, 1958இல் தொடங்கியது. ஜாலான் பிஞ்சாயில் 2015இல் திறந்த இல்ஹாம் கலைக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களை முதலில் பேசவிடுங்கள், ‘இது என்னன்னா’ என்று நாம் ஆரம்பிக்க வேண்டாம்.

படைப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, எந்தப் பொருளால் செய்தது என்று வரிசையாக இருக்கும். பொதுவாக நாம் பெயரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். தலைப்பையும் பொருள் என்ன என்ற வரியையும் முதலில் படித்துவிட்டு மறுபடி படைப்பைப் பாருங்கள். பாய், பழம், புல், கூண்டு என்று எது இருந்தாலும், அந்த இடத்தில் வேறு எந்தப் பொருளை வைத்திருக்கலாம், ஏன் வைக்கவில்லை என்று கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்.